பச்சை எங்கிருந்து வருகிறது

ஏப்ரல் 4, வெள்ளி

பதினேழாவது படலம் தாங்கிவிட்டது.

ஒரு வாரம் நூற்றைம்பது டிகிரி ஓவனில் கிடந்த பிறகும் அதே பச்சை. நம்பி லேசர் அறையிலிருந்து வந்து எண்ணைச் சொன்னபோது நான் சிங்க்கில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். "தொண்ணூத்தாறு" என்றான். ஓவனுக்குள் போகும் முன் இருந்த ஒளியை நூறு என்று வைத்துக்கொண்டால், இப்போது தொண்ணூற்றாறு. போன வருடம் எங்கள் படலம் எதுவும் இந்தச் சோதனையில் நாற்பதைத் தாண்டவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் பச்சையாக வெளியே வரும். நடுவில் நாங்கள் செய்த பாலிமர் படலம். அதில் கோத்திருக்கும் சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தால்தான் பச்சை வரும். சூடாக்கி, மேலேயிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து அவற்றைத் திருப்புகிறோம். அப்படியே ஆறவிட்டால் அந்த நிலையில் உறைந்துவிடும். ஆனால் மறுபடி சூடு பட்டால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் புரண்டு படுத்துவிடும். பச்சை போய்விடும். தொலைத்தொடர்புக் கருவிக்குள் வைக்கிற பொருளுக்குச் சூடு படாமல் இருக்குமா? அதனால் சூட்டில் புரளாத பாலிமர் வேண்டும். நாலு வருடமாக என் வேலை அதுதான்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பச்சை லைட்டு கடையிலயே விக்குதேடி" என்றாள்.

திட்டத் தலைவர் ஞானசிகாமணி சார் ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னார். "மங்கை செஞ்சது, நம்பி அளந்தது. புருஷனும் பொண்டாட்டியுமா சேந்து சாதிச்சிட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நம்பி பாதி ஜாங்கிரியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். இனிப்பு என்றால் உயிரை விடுகிறவன்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டாவது வாரம். தொண்ணூற்றைந்து.

காலையில் தண்ணீர் வரவில்லை. கேன் போடுகிறவர் பதினொரு மணிக்குத்தான் வருவேன் என்றார். நேற்றைய மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பமாக ஊற்றினேன். ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கழுவி, காயவைத்து, புதிய படலங்கள் பூசினேன். கரைசலை நடுவில் விட்டுச் சுழற்றினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரே சீராகப் பரவும். அதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

வள்ளியூரிலிருந்து அத்தை, நம்பியின் அம்மா, போன் செய்தார்கள். "ஏளா, அவன் என்ன சரியாவே பேச மாட்டுக்கான்? ஒடம்புக்கு எதுவுமா?" வேலை அதிகம் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

சார் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். நிதி தரும் குழு மே இருபதாம் தேதி வருகிறது. கட்டுரை ஏற்கெனவே சஞ்சிகைக்குப் போய்விட்டது. "இந்த ஒரு எண் போதும். உங்க ரெண்டு பேரு வேலையும் இன்னும் மூணு வருஷம் நீளும்" என்றார். எங்கள் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். நம்பி, "இன்னும் கொஞ்சம் அளந்துட்டு அனுப்பியிருக்கலாம் சார்" என்றான்.

"எவ்வளவு அளந்தாலும் அதே எண்தானேப்பா வருது?"

"ஆமா சார்" என்றான் நம்பி. "அதே எண்தான் வருது."

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஓவனிலிருந்து பதினேழை எடுத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். நிறம் வெளுத்திருக்கிறது. புதிதாகப் பூசிய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது ஆரஞ்சு. ஓவனில் கிடந்தது வைக்கோல் மாதிரி. சாயம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாயம் செத்தால் பச்சையும் குறைய வேண்டும்.

நம்பியிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வந்து, "தொண்ணூத்தஞ்சு" என்றான்.

"படலத்தைப் பாத்தியா?"

"அங்க இருட்டு. எண்தான் தெரியும்."

"நானும் ஒரு தடவை உள்ள வந்து பாக்கட்டுமா?"

"ஆள் நடமாடுனா மேஜை ஆடும். அளவு போயிரும்."

முன்பெல்லாம் நான் உள்ளே போய் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது மேஜை ஆடியதாக ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மறுபடி தொண்ணூற்றைந்து.

ஏப்ரல் 29, செவ்வாய்

படலம் எந்த வெப்பத்தில் இளகுகிறது என்று திரும்பவும் சோதித்தேன். நூற்றுத் தொண்ணூறு. நூற்றைம்பதில் நாலு வாரம் வைத்தால், அனுபவத்தில் சொல்கிறேன், மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். ஐந்துதான் போயிருக்கிறது. அதில் நாலு முதல் வாரமே போனது.

சாப்பிடும்போது கேட்டேன். "கம்ப்யூட்டர்ல பதிவாகுற அந்த அலை வடிவம் எல்லாத்தையும் எனக்கு அனுப்புறியா? எண்ணை மட்டும் சொல்லாம?"

"எதுக்கு?"

"சும்மா. குழு கேப்பாங்க."

"குழு கேட்டா நான் காட்டிக்கிறேன்." சாம்பார் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "உன் ஓவன் பதிவை நான் கேட்டேனா மங்கை?"

என் ஓவனில் என்ன பதிவு இருக்கிறது, இவன் கேட்பதற்கு? பாத்திரம் கழுவும்போது கை தவறி ஒரு டம்ளர் உடைந்தது. அவனே வந்து பெருக்கினான்.

மே 3, சனி

ஓர் ஒப்பீட்டு மாதிரி செய்தேன். எல்லா ஆய்வகத்திலும் செய்வதுதான், இதில் விசேஷம் எதுவும் இல்லை.

பாலிமர் அதே. சாயம் மட்டும் வேறு. இந்தச் சாயத்துக்கு இரண்டு முனையும் ஒன்று போல இருக்கும். தலை எது கால் எது என்று அதற்குக் கிடையாது. எத்தனை வோல்ட் கொடுத்தாலும் பச்சை வராது. நிறம் மட்டும் அச்சாக அதே வைக்கோல் நிறம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காக, பதினேழுக்குச் செய்ததை எல்லாம் இதற்கும் செய்தேன். இருநூற்றெண்பது டிகிரியில் வேகவைத்தபடியே வோல்ட் கொடுத்து, ஆறவைத்து, ஓவனில் போட்டேன்.

அட்டைப் பெட்டியின் மேல் '17' என்று எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை. அறையில் புழுக்கம் வேறு.

மே 6, செவ்வாய்

தொண்ணூற்று மூன்று.

மே 7, புதன்

வயிறு சரியில்லை. விடுப்பு போட்டுவிட்டேன்.

மே 10, சனி

அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது. ஏர்கூலர் வேலை செய்யவில்லை என்று நம்பி காலையிலிருந்து அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மோட்டாரைத் துடைத்து, வெட்டிவேர் தட்டியை மாற்றி, ஓடவிட்டு, "வந்து உக்காரு, காத்து நல்லா வருது" என்றான். உட்கார்ந்தேன். மாம்பழம் நறுக்கித் தட்டில் வைத்தான். கொட்டைப் பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டு சதைப் பக்கத்தை எனக்குத் தள்ளினான். கல்யாணமாகி ஐந்து வருடமாக அப்படித்தான் செய்கிறான்.

இவனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"உனக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா மங்கை?" அவன் குரலில் ஏதோ இருந்தது. கெஞ்சுவது போல. நான் சொல்ல வேண்டியது என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியவன் அவன் அல்லவா?

"இல்ல" என்றேன்.

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மே 12, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

போய் நிற்கும்வரை சொல்வேனா என்று எனக்கே தெரியாது. கதவைத் தட்டினேன். அவர் குழுவுக்கான படங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நடுப்பக்கத்தில் பெரிதாக 95 என்று இருந்தது.

"சார், நான் ஒரு மாதிரி குடுத்தேன். அதுல பச்சை வர வாய்ப்பே இல்ல. நம்பி தொண்ணூத்தி மூணுன்னு எழுதியிருக்கார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாதிரி மாறியிருக்கும்மா."

"மாறல. நானே குடுத்து நானே வாங்கினேன்."

"யாரைப் பத்திப் பேசுறோம்னு தெரிஞ்சு பேசும்மா. அவர் உன் வீட்டுக்காரர்."

"அதனாலதான் சார் இத்தனை நாள் ஆச்சு."

சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அவர்கிட்ட கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை என்றேன்.

"ஏன்?"

கேட்டால் அவன் இல்லை என்பான். அதை நான் நம்ப மாட்டேன். அதற்கப்புறம் அதே வீட்டில் எப்படி இருப்பது? இதையெல்லாம் சாரிடம் சொல்ல முடியுமா?

"புதன்கிழமை நானே பக்கத்துல நின்னு பாக்குறேன். அதுவரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவனுக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மே 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு சார் என்னைக் கூட்டிக்கொண்டு லேசர் அறைக்குப் போனார். நம்பி உள்ளே இருந்தான். சார் என் மாதிரியை நீட்டினார். "இதை இன்னொரு தடவை அளங்க நம்பி. நாங்க பக்கத்துல நிக்கிறோம்."

"மேஜை ஆடும் சார்."

"ஆடட்டும்."

நம்பி அவரைப் பார்த்தான். பிறகு என்னை. நான் காகிள்ஸை எடுத்து மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன். "என்ன விஷயம்?" என்றான்.

"மங்கை, நீயே சொல்லும்மா."

"அது பதினேழு இல்ல நம்பி. வேற சாயம். அதுல பச்சை வராது."

"வராதுன்னு தெரிஞ்சே என்கிட்ட குடுத்தியா?"

"ஆமா."

"பெட்டியில பதினேழுன்னு எழுதி."

"ஆமா."

"நான் தொண்ணூத்தி மூணுன்னு சொன்னேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரு நிமிடம் அந்தக் கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடினமான கணக்கைப் போடும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அப்புறம் அதைத் தாங்கியில் பொருத்தினான். விளக்கை அணைத்தான். லேசரின் டிக் டிக் சத்தம் ஆரம்பித்தது. படலத்துக்குப் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்தான்.

அட்டையில் பச்சைப் புள்ளி.

மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத பச்சை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தடவை மின்னியது. எண் திரையில் ஏறி நின்றது. தொண்ணூற்று மூன்று.

உண்மையைச் சொன்னால், அந்த நொடி எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இவன் பொய் சொல்லவில்லை. இந்தச் சொல்லை இத்தனை நாள் இந்தப் பக்கங்களில்கூட நான் எழுதவில்லை. இவன் பொய் சொல்லவே இல்லை. அந்தச் சந்தோஷம் அடங்கும் முன்பே இன்னொன்று உறைத்தது. நான் இவனைப் பற்றிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"சாயத்துல தப்பு பண்ணிட்டியா மங்கை?" சார் கேட்டார்.

"இல்ல சார். அந்தச் சாயத்துல வரவே முடியாது."

"பின்ன எங்கேருந்து வருது?"

நம்பி விளக்கைப் போட்டான். துண்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "உரிச்சிடு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பிளேடால் படலத்தைச் சுரண்டினேன். இந்த பாலிமர் லேசில் வராது. விரலில் வெட்டிக்கொண்டேன். கடைசிச் செதில் வரை எடுத்து, அசிட்டோனில் துடைத்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. அதைத்தான் அவன் மறுபடி பொருத்தினான்.

பச்சை வந்தது.

புதுக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொருத்தினான். ஓவனைப் பார்க்காத, வோல்ட் படாத துண்டு. இருட்டு. ஒன்றுமே இல்லை.

"கண்ணாடி" என்றான் நம்பி.

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் புரிந்துவிட்டது. இருநூற்றெண்பது டிகிரியில், அவ்வளவு வோல்ட்டில், கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் அயனிகள் நகர்ந்திருக்கின்றன. நகர்ந்து, ஆறியதும் அப்படியே சிக்கிக்கொண்டுவிட்டன. கண்ணாடியே பச்சை ஒளி தர ஆரம்பித்துவிட்டது. நூற்றைம்பது டிகிரி அதை அசைக்கவில்லை. கண்ணாடியை இப்படிச் செய்யலாம் என்று பழைய கட்டுரைகளில் நானே படித்திருக்கிறேன். எங்கள் முந்தைய படலங்களைக் குறைந்த சூட்டில் செய்தோம், அதனால் தெரியவில்லை. பதினேழைத்தான் முதல் தடவையாக இவ்வளவு சூட்டில் செய்தோம். தாங்கியது என் பாலிமர் இல்லை. அது செத்துக்கொண்டிருந்தது. கீழே இருந்த கண்ணாடி அதன் பெயரில் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

நம்பி லேசரை அணைத்தான். சாவியை சார் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனான். என்னைத் தாண்டித்தான் போனான்.

மே 15, வியாழன்

காலையில் எழுந்தபோது அவன் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு டம்ளர் வைத்திருந்தான். நான் போய் நின்றேன். மன்னிப்பு கேட்க நினைத்தேன். அதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மங்கை."

"கேட்டா இல்லேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா. இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன். ஏன்னா இல்ல."

"நான் நம்பியிருக்க மாட்டேன்."

"அதுவும் சரிதான்" என்றான். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை. "நானும் உன்னைக் கேக்கலையே."

"என்னைக் கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

"எண் குறையவே இல்ல. லேசரைப் பிரிச்சு ரெண்டு தடவை சரி பாத்தேன். ஃபில்டரை மாத்திப் பாத்தேன். எங்கிட்ட தப்பு இல்ல. அப்ப தப்பு வேற யாருகிட்ட இருக்கும்? ஓவன் பக்கம் நீ மட்டும்தான் போற. பழசை எடுத்துட்டுப் புதுசா பூசினதைக் குடுக்குறியோன்னு நெனச்சேன்."

அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அணைத்தேன்.

"கண்ணாடி மூலையில ஒரு கீறல் போட்டுக் குடுத்தேன். கீறலோடதான் திரும்பி வந்துச்சு. அப்பவும் எனக்குத் தெளியல. பழைய படலத்தை உரிச்சிட்டு அதே கண்ணாடியில புதுசா பூசலாமேன்னு தோணிச்சு. புத்தி அப்படித்தான் போச்சு. போன வாரம் கீறலே இல்லாத துண்டு வந்ததும் முடிவே பண்ணிட்டேன்."

"எப்பேருந்து?"

"முதல் வாரத்துலேருந்து."

ஜாங்கிரி, மேஜை ஆடும் என்றது, ஓவன் பதிவைப் பற்றிக் கேட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. சனிக்கிழமை கெஞ்சும் குரலில் கேட்டானே, அதுவும்.

"அப்ப ஏன் சார்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீ பண்ணியிருந்தா பண்ணிட்டுப் போறன்னு இருந்தேன். மாட்டுனா ரெண்டு பேரும் சேந்து மாட்டிக்கலாம்னு."

நான் நின்றபடியே அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டே மாம்பழத்தின் சதைப் பக்கத்தை எனக்குத் தந்திருக்கிறான். நானோ அதைச் சாப்பிட்டுவிட்டு, அவனைத் திருடன் என்று போய்ச் சொல்லியிருக்கிறேன். அவன் செய்ததை நினைத்தாலும் வலித்தது. நான் செய்ததை நினைத்தாலும் வலித்தது. அவன் வழியில் போயிருந்தால் பொய்யான எண் அச்சில் ஏறியிருக்கும். என் வழியில் போனதால்தான் ஏறவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"விரல்ல மருந்து போட்டியா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான்.

மே 17, சனி

சனிக்கிழமை என்றாலும் சார் கூப்பிட்டார். மூன்று நாளில் இளைத்தது போல் இருந்தார்.

"செவ்வாய்க்கிழமை குழு வருது. இப்பப் போயி இதைச் சொன்னா மொத்தத் திட்டத்தையும் மூடிடுவாங்க. கட்டுரையை நான் திரும்பக் கேக்குறேன், அது வேற. ஆனா குழுகிட்ட ரெண்டு மாசம் கழிச்சு, மாற்று வழியோட போயிச் சொல்லலாமே? பொய் சொல்ல வேண்டாம். சூடு பத்தின அளவு நடந்துக்கிட்டிருக்குன்னு மட்டும் சொல்லுவோம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். எங்கள் இருவர் வேலையையும் நினைத்துத்தான் சொன்னார். நான் நம்பியைப் பார்த்தேன். புதன்கிழமைக்குப் பிறகு இன்றுதான் அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"வேண்டாம் சார்" என்றோம். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன.

மே 20, செவ்வாய்

குழுவில் நால்வர். தலைவர் பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும், நல்ல தமிழ் பேசினார். நான்தான் பேச வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். கடைசிவரை அவர் என்னைப் பார்க்கவில்லை.

95 இருந்த படத்தைப் போட்டேன். "இது எங்க பாலிமரோட எண் இல்ல. கண்ணாடியோட எண்" என்றேன். படலத்தை உரித்த பிறகும் பச்சை வந்ததைக் காட்டினேன். ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த அம்மாள் மட்டும் முன்னால் சாய்ந்தார். "இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பச்சை வராத சாயத்தைப் போட்டு அளக்கணும்னு யாருக்குத் தோணிச்சு? அதுவும் எண் இவ்வளவு நல்லா வர்றப்போ?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? வழக்கமான ஒப்பீடு என்று சொல்லலாம். மே மூன்றாம் தேதி நான் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இன்னொரு தடவை அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்வரிசையிலிருந்து நம்பியின் குரல் வந்தது. "எங்களுக்குள்ள ஒரு சந்தேகம் வந்துச்சு மேடம்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. "நல்ல சந்தேகம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

ஜூன் 3, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. திட்டத்தை மூடவில்லை. ஆறு மாதம் தந்திருக்கிறார்கள், ஒரே ஒரு பணியிடத்துக்கு.

சார் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். நாங்கள் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நம்பி, "பாலிமர் செய்யத் தெரிஞ்ச ஆள்தான் இருக்கணும். நீ இரு" என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

இப்போது ஒவ்வொரு படலத்தோடும் ஒரு வெறும் கண்ணாடியும் அதே சூட்டில், அதே வோல்ட்டில் போகிறது. கண்ணாடியின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எண் எழுதுகிறோம். சூட்டையும் குறைத்துவிட்டோம். நம்பி அளக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். நான் ஓவனைத் திறக்கும்போது அவன் வந்து நிற்கிறான். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. மேஜை ஆடவில்லை.

இருபத்தோராவது படலம், ஒரு வாரம் முடிந்து: அறுபத்தொன்று.

"இறங்கியிருக்கு" என்றான் நம்பி. அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் இருந்தது. அறுபத்தொன்றை வைத்து எந்தக் கருவியும் செய்ய முடியாது. ஆனால் அது எங்கள் பாலிமரின் அறுபத்தொன்று. இரண்டு பிணைப்புகளை மாற்றினால் எழுபதுக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றுகிறது. நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.

சாயங்காலம் அவன் சொன்னான். பெங்களூரில் லேசர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலை முதல் தேதி சேர வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

காலை பஸ்ஸுக்கு நம்பியை ஏற்றிவிடப் போனேன். ஒரு சூட்கேஸ், ஒரு தோள்பை. திருச்சி பேருந்து நிலையத்தில் ஞாயிறு என்றுகூடப் பாராமல் கூட்டம். பெங்களூர் பஸ்காரர் ஆள் சேர்வதற்காக எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். நம்பி பையை ஏற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தான். இரண்டு பேரும் டீ வாங்கினோம்.

இந்த ஒன்றரை மாதத்தில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. சமாதானமும் ஆகவில்லை. உப்பு போதுமா, கரண்ட் பில் கட்டியாச்சா என்றுதான் பேசினோம். அவனை இப்படியே ஏற்றி அனுப்பிவிட்டால் இப்படியேதான் இருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"நம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இன்னும் என் மேல சந்தேகம் இருக்கா?"

அவன் டம்ளரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். "கொஞ்சம் இருக்கு. சாயத்து மேல, படலத்து மேல எல்லாம் இல்ல. இன்னொரு தடவை இப்படி ஏதாவது வந்தா நீ நேரா வேற எங்கயாவது போயிருவியோன்னு. உனக்கு?"

"எனக்கும் இருக்கு. மனசுல வச்சுக்கிட்டே நீ சிரிச்சுக்கிட்டு இருப்பியோன்னு."

கண்டக்டர் சேலம், ஓசூர் என்று கூவினார். பஸ் மெல்ல நகர ஆரம்பித்தது.

"அப்ப கேட்டுரு" என்றான் நம்பி, படியில் ஒரு கால் வைத்தபடி. "தினமும் போன் பண்ணிக் கேளு. நானும் கேக்குறேன்."

வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் திறந்ததும் போன் செய்தேன். முசிறி தாண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.

"அந்தச் சனிக்கிழமை, கூலர் முன்னாடி உக்காந்திருந்தப்போ, நான் இல்லேன்னு சொன்னேனே. அப்ப உனக்கு என்ன தோணிச்சு?"

பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை அழுவது கேட்டது.

"சொல்றேன். கொஞ்சம் நேரமாகும். இருக்கியா?"

"இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.